லிஃப்ட் பாட்டுன்னு கிண்டல் பண்றோமே, அதுக்குள்ள என்ன இருக்கு?

பழைய ஸ்டார் ஹோட்டல் லாபி ஒண்ண நினைச்சுக்கோங்க. ஏசி குளிரு, உள்ள வாங்கற மாதிரி சோபா, எதிர்ல ஒருத்தர் பேப்பர் படிச்சிட்டு இருக்காரு, எங்கேருந்து வருதுன்னே தெரியாம வயலினெல்லாம் கூட்டமா சேந்து ஏதோ ஒரு மெட்ட வாசிச்சிட்டு இருக்கும். உங்க காதுல அது விழுந்திருக்கும், ஆனா அன்னிக்கு என்ன பாட்டு ஓடுச்சுன்னு கேட்டா சத்தியமா சொல்ல முடியாது. இந்த மாதிரி இசைக்கு ஈஸி லிசனிங்னு பேரு. மூட் மியூசிக், பியூட்டிஃபுல் மியூசிக்னும் சொல்வாங்க. பிடிக்காதவங்க லிஃப்ட் மியூசிக்னு ஒரே வார்த்தைல முடிச்சிருவாங்க.

எனக்கு இது பிடிக்கும். கொஞ்ச நாள் வெக்கப்பட்டுக்கிட்டு ஹெட்ஃபோன்ல மட்டும் கேட்டுட்டு இருந்தேன், இப்ப அதெல்லாம் இல்ல. பிரச்சனையே அந்தப் பேருலதான் இருக்கு. ஈஸின்னு சொன்னதும் கேக்கறதும் ஈஸி, செய்யறதும் ஈஸின்னு முடிவு பண்ணிடறோம். இட்லி பூ மாதிரி வந்தா யாரும் அதப் பத்தி ஒரு வார்த்தை பேச மாட்டாங்க, தட்டு காலியாகும் அவ்ளோதான், கல்லு மாதிரி வந்தாதான் வீடே பேசும். பூ மாதிரி வர்றதுக்கு முந்தின நாளு அரிசி, உளுந்து, மாவு பதம்னு எவ்ளோ வேலை இருக்குன்னு அரைச்சவங்களுக்குத்தான் தெரியும். இந்த இசையும் அப்படித்தான்.

மொதல்ல இது என்னன்னு சுருக்கமா பாத்துடலாம். 1940கள் கடைசில ஆரம்பிச்சு 1970கள் வரைக்கும் அமெரிக்கா, இங்கிலாந்து, ஜெர்மனி, பிரான்ஸ் இங்கெல்லாம் பெரிய ஆர்கெஸ்ட்ராவ வச்சு ரெக்கார்ட் பண்ணது. பெரும்பாலும் பாடகர் கிடையாது. மெட்டு பல நேரம் புதுசும் கிடையாது, சினிமாவுலயோ நாடகத்துலயோ ரேடியோவுலயோ ஏற்கனவே ஹிட்டான பாட்டாதான் இருக்கும். அப்ப இதுல யாரு ஹீரோன்னு கேட்டீங்கன்னா, மெட்டு போட்டவரும் இல்ல, வாசிக்கறவங்களும் இல்ல, அரேஞ்சர். ஒரு மெட்ட எந்த வாத்தியம் எப்ப எடுக்கணும், அப்ப மத்தவங்க என்ன பண்ணணும், எங்க சும்மா இருக்கணும்னு ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா பேப்பர்ல எழுதிக் குடுக்கறவர். நம்ம பழைய படங்கள்ல டைட்டில் ஓடும்போது இசையமைப்பாளர் பேருக்குக் கீழ சின்ன எழுத்துல 'உதவி'ன்னு சில பேரு வருமே, அவங்கள்ல பல பேர் பாத்தது இந்த வேலையதான். அங்க சின்ன எழுத்துல போட்ட ஆளு இங்க ரெக்கார்ட் அட்டைல பெரிய எழுத்துல வந்துட்டாருன்னு வச்சுக்கலாம். எல்லா நேரமும் அப்படி நடக்கலங்கறதுதான் அடுத்த கதை.

மாண்டோவானின்னு ஒருத்தர். 1905ல வெனிஸ்ல பொறந்து, சின்ன வயசுலயே குடும்பத்தோட இங்கிலாந்து வந்துட்டாரு, வயலின்காரர், அப்புறம் சொந்தமா ஆர்கெஸ்ட்ரா. 1951ல டெக்கா கம்பெனிக்காக 'ஷார்மெயின்'னு ஒரு வால்ட்ஸ, அதாவது ஒண்ணு ரெண்டு மூணுன்னு எண்ணி ஆடற மேல்நாட்டு நடன மெட்ட, ரெக்கார்ட் பண்ணாரு. புது பாட்டு இல்ல, அப்பவே இருபத்தஞ்சு வருஷப் பழசு, மௌனப்படக் காலத்து மெட்டு. ஆனா அந்த ரெக்கார்ட் வந்ததும் கேட்டவங்களுக்கு என்னமோ ஆச்சு, ஏன்னா அந்த மாதிரி வயலின் சத்தத்த அதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல. மேலேருந்து தண்ணி வழியற மாதிரி, ஒரு சுரம் முடியறதுக்குள்ள இன்னொண்ணு வந்து அதும்மேல உக்காந்து, எல்லாம் ஒண்ணோட ஒண்ணு கலந்து ஒரு பெரிய மண்டபத்துக்குள்ள நின்னு கேக்கற மாதிரி இருக்கும்.

அந்த வயலின் சத்தத்த எழுதினவர் ரொனால்ட் பின்ஜ். மாண்டோவானியோட அரேஞ்சர், இங்கிலாந்துல டெர்பிங்கற ஊர்க்காரர், இளவயசுல சினிமா தியேட்டர்ல ஆர்கன் வாசிச்ச ஆளு. அவருக்கு ஒரு ஆசை. வெனிஸ்ல செயின்ட் மார்க்ஸ்னு ஒரு பெரிய தேவாலயம் இருக்கு, அங்க பதினேழாம் நூற்றாண்டுல மாண்டிவெர்டிங்கற இசையமைப்பாளர் வேலை பாத்தாரு, அந்தக் கட்டடத்துல ஒரு சுரம் பாடினா அது உடனே சாகாது, சுவர்ல மோதி மோதி தொங்கிட்டே இருக்கும். நம்ம ஊர்ல பெரிய கோயில் பிரகாரத்துல தேவாரம் பாடும்போது கேட்டிருப்பீங்க, பாடினவர் நிறுத்தின அப்புறமும் கல்லு கொஞ்ச நேரம் பாடும், அதே சமாச்சாரம். அந்த எக்கோ ஸ்டுடியோக்குள்ள வரணும். கட்டடம் இல்லாம. இதான் அவரு ஆசை.

எப்படிப் பண்ணாருன்னு பாக்கலாம், இதப் புரிஞ்சுக்கிட்டா இந்த இசை மேல இருக்கற பாதி இளக்காரம் போயிடும். சாதாரணமா ஒரு ஆர்கெஸ்ட்ராவுல வயலின்காரங்க எல்லாரும் சேந்து மெட்ட வாசிப்பாங்க. ஸ ரி க மன்னா எல்லாரும் ஸ, எல்லாரும் ரி, எல்லாரும் க. பின்ஜ் வயலின்காரங்கள சின்ன சின்ன குழுவா பிரிச்சாரு. மெட்டோட மொத சுரத்த மொதக் குழு வாசிச்சு அப்படியே புடிச்சுக்கிட்டு இருக்கும். ரெண்டாவது சுரத்த ரெண்டாவது குழு வாசிச்சு புடிச்சுக்கும், அதுக்குள்ள மூணாவது குழு, அப்புறம் சுத்தி மறுபடி மொதக் குழு. ஆக தனியா எந்தக் குழுவோட பேப்பரப் பாத்தாலும் அதுல மெட்டே இருக்காது, எங்கயோ ஒண்ணு ரெண்டு நீள சுரம் மட்டும் இருக்கும். எல்லாரும் சேந்தாத்தான் மெட்டு. ஆனா ஒவ்வொரு புது சுரம் வரும்போதும் பழசு இன்னும் போகாம நிக்கறதால காதுக்கு அது எக்கோ மாதிரியே கேக்கும். மெஷின்ல செஞ்ச எக்கோ இல்ல, பேப்பர்ல எழுதின எக்கோ. அருவி மாதிரி விழறதால இதுக்கு கேஸ்கேடிங் ஸ்ட்ரிங்ஸ்னு பேரு வந்துச்சு.

எனக்கு இதுல மலைப்பா இருக்கறது என்னன்னா, ஸ்டுடியோல உக்காந்த ஒரு வயலின்காரருக்கு தான் என்ன பாட்டு வாசிக்கறோம்னே தன் பேப்பர வச்சு சொல்ல முடியாது, அவரு வேலை சரியான நேரத்துல வந்து சரியான நேரத்துல கிளம்பறது மட்டும்தான், அது கொஞ்சம் பிசகினாலும் மொத்தமும் கஞ்சியாயிடும். இவ்ளோ பாடுபட்டு செஞ்சத நாம கேட்டுட்டு 'ம்ம், நைஸா இருக்கு'ன்னு காபி குடிக்கறோம். உலகத்துக்குத் தெரிஞ்சது மாண்டோவானி பேரு. பின்ஜ் பேரு இசைக்காரங்களுக்குத்தான் தெரியும்.

இப்ப ரெண்டாவது விஷயம், ஹார்மனி, அதாவது மெட்டோட சேந்து அதே நேரத்துல ஒலிக்கற மத்த சுரங்கள். நம்ம காது ராகத்துல பழகினது. ஒரு கோடு, அது எப்படி வளையுது, எங்க நிக்குது, எங்க அசையுதுன்னு பாக்கற காது. அதனால வயலின் மெட்ட மட்டும் பிடிச்சுக்கிட்டு, 'இதுல கமகம் கூட இல்லயே, தட்டையா இருக்கே'ன்னு விட்டுடுவோம். இங்க விஷயம் மெட்டுக்கு அடில நடக்குது. ஒரு சின்ன சோதனை, ஃபோன்ல ஒரு கீபோர்ட் ஆப் இருந்தா போதும். பஞ்சமத்த ஒரு விரல்ல அழுத்திப் புடிச்சுக்கோங்க. அதுக்குக் கீழ மொதல்ல ஸவும் அந்தர காந்தாரமும் வைங்க, ஸ க ப, வீட்டுக்கு வந்து செருப்பக் கழட்டின மாதிரி ஒரு நிம்மதி. இப்ப ப-வ விடாம ஸவ மட்டும் எடுத்துட்டு மேல காகலி நிஷாதத்த சேருங்க, க ப நி. ப மாறவே இல்ல, ஆனா அதே ப இப்ப லேசா ஏக்கமா கேக்கும். மேல ஒரே சுரம், அடில தரை நகருது. ஈஸி லிசனிங் அரேஞ்சர்கள் இந்த ஒரு வித்தைலயே குடும்பம் நடத்தினாங்கன்னு சொல்லலாம். தெரிஞ்ச மெட்டு, ஆனா அடில தரைய மாத்தி மாத்தி வச்சு, நாலு தடவ கேட்ட வரிய அஞ்சாவது தடவ வேற மாதிரி ஆக்கிடுவாங்க.

இதுல பெர்சி ஃபெய்த்த மிஞ்ச ஆளில்லங்கறது என் அபிப்பிராயம். கனடாவுல டொராண்டோல பொறந்தவரு, பியானோல பெரிய ஆளா வர வேண்டியவரு, பதினெட்டு வயசு வாக்குல அவரு தங்கச்சி துணில தீப்பிடிச்சப்ப வெறுங்கையால அணைக்கப் போயி ரெண்டு கையும் வெந்துபோச்சு. மேடை பியானோ கனவு அதோட போச்சு, அரேஞ்ச் பண்ற பக்கம் திரும்பினாரு, அப்புறம் அமெரிக்கா போயி கொலம்பியா கம்பெனில பெரிய ஆளானாரு. 1960ல அவரோட 'எ சம்மர் பிளேஸ்' தீம் அமெரிக்க சார்ட்டுல ஒன்பது வாரம் தொடர்ந்து நம்பர் ஒன். ஒன்பது வாரம், பாடகரே இல்லாம! மேக்ஸ் ஸ்டைனர் ஒரு படத்துக்குப் போட்ட மெட்டுதான் அது. ஃபெய்த் அத எடுத்து, அடில மூணு மூணா துடிக்கற ஒரு நடைய வச்சாரு, நம்ம பாஷைல சொன்னா திஸ்ரம். அந்தத் துடிப்பு அப்ப சின்னப் பசங்க கேட்டுட்டு இருந்த ராக் அண்ட் ரோல் காதல் பாட்டுங்கள்ல இருந்த துடிப்பு. மேல அப்பா அம்மாவுக்கு வயலின், அடில பசங்களுக்கு பீட்டு. அடுத்த வருஷம் கிராமி விருதுல அந்த வருஷத்து சிறந்த ரெக்கார்டும் அதுதான்.

சரி, ஏன் அந்தக் காலத்துல மட்டும் இது இப்படிப் பெருகுச்சு? டெக்னாலஜிதான் பெரிய காரணம்னு நான் நினைக்கறேன். பழைய 78 ஆர்பிஎம் தட்டுல ஒரு பக்கத்துக்கு மூணு நாலு நிமிஷம்தான் ஓடும். சோபால சாஞ்சு கண்ண மூடறதுக்குள்ள ஊசி கிர்ருன்னு கத்தும், எழுந்து போயி திருப்பிப் போடணும். 1948ல கொலம்பியா எல்பி ரெக்கார்ட விட்டாங்க, 33⅓ ஆர்பிஎம், ஒரு பக்கமே இருபது நிமிஷத்துக்கு மேல. இப்பதான் ஒரு பாட்டுக்குப் பதிலா ஒரு மனநிலையவே விக்க முடியும்னு ஆச்சு. பால் வெஸ்டன்னு ஒருத்தர் எல்பி வர்றதுக்கு முன்னாடியே, 1945லயே, கனவு காண்றதுக்கான இசைன்னு ஒரு ஆல்பம் போட்டிருந்தாரு, ஆனா அந்த யோசனைக்கு ஏத்த தட்டு அப்புறம்தான் வந்துச்சு.

அதப் பெரிய வியாபாரமா மாத்தினவர் ஒரு காமெடி நடிகர், ஜாக்கி கிளீசன். அமெரிக்க டிவில அவரு அப்ப பெரிய ஸ்டார். சங்கீதம் எழுதப் படிக்கத் தெரியாது. அவரோட லாஜிக் இதான்: சினிமாவுல கிளார்க் கேபிள் மாதிரி அழகனுக்கே காதல் சீன்ல பின்னாடி இசை தேவைப்படுதுன்னா, புரூக்ளின்ல இருக்கற சாதாரண மனுஷன் என்ன பாவம் பண்ணான், அவனுக்கு எவ்ளோ தேவைப்படும்! பிஜிஎம் இல்லாம ஹீரோ நடந்து வந்தா எப்படி இருக்கும்னு நமக்குத் தெரியாதா என்ன. 1952ல காதலர்களுக்கு மட்டும்னு பேரு வச்சு ஒரு எல்பி விட்டாரு, ஸ்ட்ரிங்ஸ் மெத்தை மாதிரி விரிச்சிருக்க, அதும்மேல பாபி ஹேக்கெட் ஊதற டிரம்பெட்டு தனியா பேசிட்டுப் போகும். அது அமெரிக்க ஆல்பம் சார்ட்டுல முதல் பத்துல நூத்தம்பது வாரத்துக்கு மேல உக்காந்திருந்துச்சு.

இன்னொரு காரணம் கொஞ்சம் விசித்திரமானது. ரெண்டாம் உலகப்போர் சமயத்துல, தண்ணிக்கு அடில போற சப்மரின் ஜெர்மன்காரனுதா நம்மளுதான்னு சத்தத்த வச்சே கண்டுபிடிக்க பிரிட்டிஷ் விமானப்படை ஆளுங்களுக்குப் பயிற்சி குடுக்கணும், அதுக்கு ரெக்கார்டு வேணும்னு டெக்கா கம்பெனிகிட்ட கேட்டாங்க. அந்த நுணுக்கமான வித்தியாசம் கேக்கணும்னா ரொம்ப மேல் ஸ்தாயி சத்தங்கள் வரைக்கும் பதிவாகணும். அதுக்காக வளத்த முறையதான் போர் முடிஞ்சதும் இசைக்குத் திருப்பினாங்க. மாண்டோவானியோட வயலின்ல இருக்கற அந்த மினுமினுப்பு, உரசற சத்தம் வரைக்கும் தட்டுல விழுந்ததுக்கு அதுவும் காரணம். சப்மரின் புடிக்கக் கத்துக்கிட்ட மைக்கு, வால்ட்ஸ் புடிச்சுது. 1950கள் கடைசில ஸ்டீரியோ வந்ததும் இன்னும் ஒரு படி ஏறுச்சு, வீட்ல காசு போட்டு ரெண்டு ஸ்பீக்கர் வாங்கினவன் வந்த விருந்தாளிக்குப் போட்டுக் காட்ட என்ன வச்சிருப்பான், இதத்தான். ஸ்டீரியோ ரெக்கார்ட் பத்து லட்சம் வித்த முதல் ஆளு மாண்டோவானிதான்.

வயலின் மட்டும்தான்னு நினைச்சுடாதீங்க. ரே கானிஃப் மனுஷக் குரல வாத்தியமா ஆக்கினாரு. வார்த்தையே கிடையாது, பொம்பளைங்க டிரம்பெட்டோட சேந்து அதே வரிய 'டா டா டா'ன்னு, ஆம்பளைங்க டிராம்போனோட சேந்து. கேக்கும்போது குரலா வாத்தியமான்னு பிரிக்க முடியாத ஒரு புது நிறம் வரும். நம்ம சினிமால ஹம்மிங் கோரஸ் கேட்டு வளந்தவங்களுக்கு இது உடனே ஒட்டிக்கும். ஜெர்மனில ஹாம்பர்க்காரர் பெர்ட் கேம்ஃபெர்ட்டு, அவரு பாட்டுல பேஸ் கிட்டார கவனிங்க, நரம்ப லேசா அமுக்கிக்கிட்டு 'டக் டக்'னு வெட்டி வெட்டி வாசிச்சிருப்பாங்க, மேல டிரம்பெட் தூங்கி வழியும், அடில அது தூங்க விடாது. அமெரிக்கப் பாடகர் சினாட்ரா பாடிப் பேரு வாங்கின 'ஸ்ட்ரேஞ்சர்ஸ் இன் த நைட்' மெட்டு இவரோடதுதான். 1961ல ஹாம்பர்க்ல பேர் தெரியாத நாலஞ்சு இங்கிலீஷ் பசங்கள ஸ்டுடியோக்குக் கூட்டிட்டு வந்து ஒரு பாடகருக்குப் பின்னாடி வாசிக்க வச்சவரும் இவரே, அந்தப் பசங்க பேரு பீட்டில்ஸ். கொஞ்ச வருஷத்துல இவரு மாதிரி ஆளுங்களோட மார்க்கெட்ட காலி பண்ணதும் அதே பசங்கதான்.

மெக்சிகோக்காரர் எஸ்கிவெல் தனி ரகம். அவர ஈஸி லிசனிங்ல சேத்ததே ஒரு ஜோக்குன்னு எனக்குத் தோணும். ஒரு ஆல்பத்துக்காக ஆர்கெஸ்ட்ராவ ரெண்டா வெட்டி ரெண்டு தனித்தனி ஸ்டுடியோவுல உக்கார வச்சு, ஹெட்ஃபோன்ல ஒருத்தர ஒருத்தர் கேட்டுக்கிட்டே ஒரே நேரத்துல வாசிக்க வச்சாரு. எதுக்கு? இடது ஸ்பீக்கர்ல வர்ற சத்தம் வலதுல துளி கூட கசியக் கூடாதாம். ராத்திரி தூங்கப்போறப்ப இவர மட்டும் போட்டுடாதீங்க.

ஒரு குழப்பத்த இங்க தீத்துடலாம். லிஃப்ட்லயும் ஃபேக்டரிலயும் ஓடினது பெரும்பாலும் இவங்க ரெக்கார்டு இல்ல. அதுக்கு மியூசாக்னு தனிக் கம்பெனியே இருந்துச்சு. அமெரிக்க ராணுவத்துல மேஜர் ஜெனரலா இருந்த ஜார்ஜ் ஸ்கொயர்ங்கறவர் கம்பி வழியா இசைய அனுப்பற வேலைய ஆரம்பிச்சு, 1934ல மியூசிக்கையும் கோடாக்கையும் ஒட்டவச்சு இந்தப் பேர வச்சாரு. அவங்க கணக்கு வேற, பதினஞ்சு நிமிஷக் கட்டா போடுவாங்க, கட்டு போகப் போக வேகமும் சத்தமும் மெல்ல ஏறும், அப்புறம் கொஞ்ச நேரம் சும்மா. வேலை பாக்கறவன் சோர்ந்து போகாம இருக்கறதுக்கான ஏற்பாடு. அதுல அரேஞ்சருக்குக் கட்டளையே 'யாரும் திரும்பிப் பாக்கற மாதிரி எதுவும் பண்ணாத'ங்கறதுதான். மாண்டோவானியும் ஃபெய்த்தும் நேர் எதிர், நீங்க திரும்பிப் பாத்தா உங்களுக்குன்னு அங்க ஏதாவது வச்சிருப்பாங்க, பாக்கலன்னா தொந்தரவு பண்ண மாட்டாங்க. ரெண்டையும் ஒரே கூடைல போட்டதால வந்த கெட்ட பேருதான் இது.

குப்பையும் நிறைய இருந்துச்சு, அத மறைக்க வேண்டாம். எந்தப் பாட்டு ஹிட்டானாலும் அடுத்த மாசமே வயலின்ல தோய்ச்சு எடுத்து மலிவு விலைல விக்கற கம்பெனிங்க இருந்தாங்க, அதெல்லாம் சர்க்கரப் பாகு. இந்த வகைல கடைசியா பெருசா வெடிச்ச பாட்டுகள்ல ஒண்ணு 1968ல பிரான்ஸ்காரர் பால் மோரியாவோட 'லவ் இஸ் ப்ளூ', அமெரிக்காவுல அஞ்சு வாரம் நம்பர் ஒன். அதுக்கு முந்தின வருஷம் யூரோவிஷன்ங்கற ஐரோப்பிய நாடுகளோட பாட்டுப் போட்டில லக்ஸம்பர்க் சார்பா பாடி ஜெயிக்காம போன பாட்டு அது. அப்புறம் நாப்பது பேருக்கு சம்பளம் குடுக்க வேண்டிய எடத்துல ஒரு சிந்தசைசர் வந்துச்சு, ரேடியோகாரங்களுக்கு வயசு கம்மியான ஆடியன்ஸ் தேவைப்பட்டாங்க, கதை முடிஞ்சுது.

கேட்டுப் பாக்கறதா இருந்தா ஃபோன் ஸ்பீக்கர்ல வேண்டாம், அதுல பேஸ் இருக்காது, அடித்தரை இல்லாம வெறும் கீச்சு கீச்சுதான் வரும், அப்புறம் என்னத் திட்டுவீங்க. ஹெட்ஃபோன் போட்டுக்கிட்டு ஒரே பாட்ட மூணு தடவ கேளுங்க. மொத தடவ சும்மா. ரெண்டாவது தடவ மெட்ட விட்டுட்டு பேஸ் மட்டும் எங்க போகுதுன்னு பாருங்க. மூணாவது தடவ ஒவ்வொரு வரியும் முடியற எடத்த மட்டும் கவனிங்க. பாடகர் இருந்தா மூச்சு வாங்கியிருப்பாரே, அந்த சின்ன இடைவெளிய அரேஞ்சர் சும்மா விட மாட்டாரு, ஒரு புல்லாங்குழல் எட்டிப் பாக்கும், ஹார்ன் ஒண்ணு பதில் சொல்லும், ஹார்ப் ஒரு கோடு இழுத்துட்டுப் போகும். இளையராஜா பாட்டுல பல்லவி வரிகளுக்கு நடுவுல வயலின் வந்து ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போறத ரசிக்கறவங்களுக்கு இது புதுசா கத்துக்க வேண்டிய விஷயமே இல்ல, காது ரெடியா இருக்கு. ஷார்மெயின்ல ஆரம்பிங்க, அப்புறம் ஃபெய்த்து, அப்புறம் கேம்ஃபெர்ட்டு.

அந்த ரொனால்ட் பின்ஜ், மாண்டோவானிகிட்டேருந்து பிரிஞ்சு வந்து சொந்தமாவும் நிறைய எழுதினாரு. 1963ல 'செய்லிங் பை'ன்னு ஒரு மெதுவான வால்ட்ஸ். பல வருஷமா பிபிசி ரேடியோ 4ல ராத்திரி ஒரு மணிக்குக் கொஞ்சம் முன்னாடி, கடல் வானிலை அறிக்கைக்கு முன்னால அத ஓட விடுவாங்க. நிகழ்ச்சிக்கு நடுவுல மிச்சம் இருக்கற நேரத்த அடைக்கறதுக்கு ஒண்ணு, இருட்டுல கப்பல்ல இருக்கறவன் ரேடியோ முள்ளத் திருப்பித் திருப்பி ஸ்டேஷன் தேடும்போது 'ஆங், இதான்'னு கண்டுபிடிக்கறதுக்கு இன்னொண்ணு. அது முடிஞ்சதும் காத்து எந்தப் பக்கம், எவ்ளோ வேகம்னு வாசிக்க ஆரம்பிப்பாங்க.